வலைப் பிரயோகம் தொடங்கும்போது தானாக இயங்கும் செய்நிரற் பகுதி

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – க.பொ.த. (சாதாரண தர) மாணவர்க்கான விளக்கக் கட்டுரை

இக்கட்டுரையைக் கற்றபின் பின்வருவனவற்றை விளக்கும் ஆற்றலை நீங்கள் பெறுவீர்கள்.

• வலைப் பிரயோகம் ஒன்று "தொடங்குதல்" என்பதன் பொருள்
• தொடக்கத்தில் தானாக இயங்கும் செய்நிரற் பகுதி ஆற்றும் பணிகள்
• அப்பகுதி எப்போது இயங்கும், எப்போது இயங்காது என்பது
• அதனை எழுதும்போது ஏற்படக்கூடிய தர்க்க வழுக்களும் அவற்றை நீக்கும் வழிகளும்

1. அறிமுகம்

கணினிக்கு மின் வழங்கியவுடன் முதலில் இயங்குவது பயோஸ் என்பதை நீங்கள் கற்றுள்ளீர்கள். அது வாசிப்பு மாத்திர நினைவகத்தில் பதிந்துள்ளது. பயோஸ் வன்பொருட் பகுதிகளைச் சோதித்தபின், பணிசெயல் முறைமையை வன்தட்டிலிருந்து முதன்மை நினைவகத்துக்கு ஏற்றுகின்றது. இவ்வேலைகளைச் செய்யும்படி பயனர் கட்டளையிடுவதில்லை. ஆளியை அழுத்துவது மட்டுமே அவருடைய வேலை. மற்றவை யாவும் தாமாகவே நடைபெறும்.

பணிசெயல் முறைமை தொடங்கிய பின்னரும் இவ்வாறான வேலைகள் உண்டு. எம்.எஸ். டொஸ் பணிசெயல் முறைமையில் ஓட்டோஎக்ஸெக் என்னும் கோப்பு இருந்தது. அதில் எழுதப்பட்ட கட்டளைகள் கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் வரிசையாக நிறைவேற்றப்பட்டன. விண்டோஸில் "ஸ்டார்ட்அப்" என்னும் கோப்புறையில் இடப்படும் செய்நிரல்கள் பயனர் உட்புகுந்தவுடன் தாமாக இயங்கும்.

இதே கருத்து வலைப் பிரயோகங்களுக்கும் பொருந்தும். வலைப் பிரயோகம் ஒன்று சேவையகத்தில் உயிர்பெறும்போது, பயனர்களுக்குப் பக்கங்களை வழங்குவதற்கு முன்னர் சில ஆயத்தங்களைச் செய்ய வேண்டியுள்ளது. அவ்வாயத்தங்களைச் செய்யும் பகுதியே தொடக்கச் செய்நிரற் பகுதி ஆகும்.

வரைவிலக்கணம்: வலைப் பிரயோகம் ஒன்று சேவையகத்தின் நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கத் தொடங்கும்போது, பயனர் எவரும் கேட்காமலே ஒரு தடவை மட்டும் நிறைவேற்றப்படும் அறிவுறுத்தல்களின் தொகுதி தொடக்கச் செய்நிரற் பகுதி எனப்படும்.

2. வலைப் பிரயோகம் எங்கே இயங்குகின்றது?

நீங்கள் இணைய உலாவியில் முகவரி ஒன்றைத் தட்டச்சுச் செய்தால், உங்கள் கணினியிலிருந்து சேவையகத்துக்குக் கோரிக்கை ஒன்று செல்லும். சேவையகம் அதற்குரிய பக்கத்தைத் தயாரித்துப் பதிலாக அனுப்பும். சாதாரண எச்.ரி.எம்.எல். பக்கமாயின் கோப்பை வாசித்து அனுப்பினாற் போதும். ஆனால் நூலகத்தில் ஒரு நூல் இருக்கின்றதா எனத் தேடும் பக்கம் அப்படிப்பட்டதன்று. அங்கு செய்நிரல் ஒன்று இயங்கி, தரவுத்தளத்தில் தேடி, விடையைக் கொண்டு பக்கத்தை உருவாக்க வேண்டும். அச்செய்நிரலே வலைப் பிரயோகம்.

வன்தட்டில் உள்ள செய்நிரல் வெறும் கோப்பு மாத்திரமே. அது நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கும்போது முறைவழி எனப்படும். "வலைப் பிரயோகம் தொடங்கியது" என்பதன் பொருள், அதற்கான முறைவழி உருவாகியது என்பதாகும். "பிரயோகம் நின்றது" என்பதன் பொருள், அம்முறைவழி நினைவகத்திலிருந்து நீங்கியது என்பதாகும். அப்போது கோப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்கும். ஆனால் மாறிகளில் இருந்த பெறுமானங்கள் யாவும் அழிந்துவிடும். இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்க. பின்வரும் பகுதிகள் அனைத்தும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

3. தொடக்கத்தில் செய்யப்படும் வேலைகள்

(i) அமைவடிவக் கோப்பை வாசித்தல்: தரவுத்தளம் எந்தக் கணினியில் உள்ளது, அதன் பயனர் பெயர் யாது போன்ற விபரங்கள் இக்கோப்பில் இருக்கும்.

(ii) தரவுத்தளத்துடனான இணைப்பைச் சோதித்தல்: தரவுத்தளம் கிடைக்காவிடின் அதனைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நன்று.

(iii) மாறாத தரவுகளை நினைவகத்தில் ஏற்றல்: மாவட்டங்களின் பெயர்ப்பட்டியல் போன்றவற்றை ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்திலிருந்து எடுப்பது வீண். ஒரு தடவை எடுத்து அணி ஒன்றில் வைத்துக்கொண்டால் போதும்.

(iv) முகவரிகளைப் பதிவுசெய்தல்: எந்த முகவரிக்கு எந்தத் துணைச் செய்நிரல் பதிலளிக்க வேண்டும் என்னும் அட்டவணை தயாராகும்.

(v) நேரங்காட்டியை இயக்கல்: குறித்த நேரத்தில் செய்யவேண்டிய பின்னணி வேலைகள் ஆரம்பிக்கப்படும்.

(vi) பதிவுக் கோப்பில் எழுதல்: பிரயோகம் தொடங்கிய திகதியும் நேரமும் குறிக்கப்படும்.

இவற்றைப் போலிக் குறிமுறையிற் பின்வருமாறு எழுதலாம்.

தொடக்கம்
  அமைவடிவக் கோப்பை வாசி
  தரவுத்தளத்துடன் இணை
  இணைப்பு கிடைக்கவில்லை எனின்
    பதிவுக் கோப்பில் வழுவை எழுது
    பிரயோகத்தை நிறுத்து
  இல்லையேல்
    மாவட்டப் பட்டியலை அணியில் ஏற்று
    நேரங்காட்டியை இயக்கு
    பதிவுக் கோப்பில் "தொடங்கியது" என எழுது
  முடிவு-எனின்
முடிவு

4. பிரயோகம் எப்போது தொடங்குகின்றது?

பல மாணவர்கள் "சேவையகக் கணினியை இயக்கியவுடன் வலைப் பிரயோகமும் தொடங்கிவிடும்" என எண்ணுகின்றனர். இது எப்போதும் உண்மையன்று. மூன்று வகைகள் உள்ளன.

வகை அ: ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்குதல்

1993 ஆம் ஆண்டில் அறிமுகமான சி.ஜி.ஐ. எனப்படும் பொது நுழைவாயில் இடைமுகம் இவ்வகையினது. ஒரு கோரிக்கை வரும்போது ஒரு முறைவழி உருவாகும். பதிலை அனுப்பியதும் அது அழியும். நூறு கோரிக்கைகள் வந்தால் நூறு தடவை தொடங்கி நூறு தடவை முடியும். பி.எச்.பி. மொழியில் இன்று முறைவழிகள் தொடர்ந்து உயிருடன் இருந்தாலும், செய்நிரலின் மாறிகள் கோரிக்கைக்குக் கோரிக்கை புதிதாகவே உருவாகின்றன. ஆகவே "பிரயோகம் தொடங்கும்போது ஒரு தடவை" என்னும் இடம் அங்கு இயல்பாக இல்லை. சேவையகம் தொடங்கும்போதே ஒரு கோப்பை முன்கூட்டி ஏற்றும் வசதி 2019 இல் வெளியான பி.எச்.பி. 7.4 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது.

வகை ஆ: முதலாவது கோரிக்கை வரும்போது தொடங்குதல்

2002 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டொட் நெட் இவ்வகையினது. சேவையகக் கணினி இயங்கிக்கொண்டிருந்தாலும், முதற் பயனர் வரும்வரை பிரயோகம் உறங்கிக்கொண்டே இருக்கும். முதற் கோரிக்கை வந்ததும் முறைவழி உருவாகி, தொடக்கப் பகுதி இயங்கி, அதன்பின்னரே பதில் அனுப்பப்படும்.

வகை இ: சேவையகம் தொடங்கும்போதே தொடங்குதல்

ஜாவா மொழியில் எழுதப்படும் வலைப் பிரயோகங்கள் இவ்வகையின. ரொம்கற் போன்ற சேவையக மென்பொருள் இயங்கத் தொடங்கியதும், தன்னிடம் உள்ள பிரயோகங்களையும் தொடக்கிவிடும். 2001 இல் வெளியான செர்வ்லெட் 2.3 விவரக்கூற்றில் "சேர்வ்லெட் கொன்ரெக்ஸ்ற் லிஸனர்" என்னும் கேட்பான் அறிமுகமாகியது. பிரயோகம் ஆயத்தமாகும்போது அதன் ஒரு துணைச் செய்நிரலும், நிறுத்தப்படும்போது இன்னொரு துணைச் செய்நிரலும் தாமாக அழைக்கப்படும். முதலாவது கோரிக்கைக்கு முன்னரே ஆயத்தங்கள் முடிந்திருக்கும்.

வகை | தொடக்கம் நிகழும் நேரம் | முதற் பயனரின் காத்திருப்பு | உதாரணம்
அ | ஒவ்வொரு கோரிக்கையிலும் | எல்லாப் பயனரும் சிறிது காத்திருப்பர் | சி.ஜி.ஐ.
ஆ | முதலாவது கோரிக்கையில் | முதற் பயனர் மட்டும் நீண்ட நேரம் காத்திருப்பார் | ஏ.எஸ்.பி. டொட் நெட்
இ | சேவையகம் தொடங்கும்போது | காத்திருப்பு இல்லை | ஜாவா செர்வ்லெட்

பைதன் மொழியில் உள்ள பிளாஸ்க் என்னும் கருவித்தொகுதியிலும் "முதற் கோரிக்கைக்கு முன்" இயங்கும் பகுதி ஒன்றை எழுதும் வசதி இருந்தது. அது 2023 இல் வெளியான 2.3 பதிப்பில் நீக்கப்பட்டது. ஆயத்த வேலைகளை முதற் பயனர் வரும்வரை தள்ளிப்போடாமல், பிரயோகத்தை உருவாக்கும்போதே செய்துவிட வேண்டும் என்பதே இப்போது கூறப்படும் அறிவுரை.

5. மூன்று தொடக்கங்களும் வெவ்வேறானவை

ஏ.எஸ்.பி. டொட் நெட்டில் "குளோபல்" என்னும் பெயருடைய கோப்பு ஒன்று உண்டு. அதில் நிகழ்வுகளுக்கான துணைச் செய்நிரல்கள் எழுதப்படும். நிகழ்வு நேரும்போது உரிய துணைச் செய்நிரலை முறைமையே அழைக்கும். செய்நிரலாளர் எங்கும் அதனை அழைக்கவேண்டியதில்லை. முக்கியமான மூன்று நிகழ்வுகளாவன:

பிரயோகத் தொடக்கம்: முறைவழி உருவாகியபின் முதற் கோரிக்கையின்போது ஒரு தடவை.
அமர்வுத் தொடக்கம்: புதிய பயனர் ஒருவர் வரும் ஒவ்வொரு தடவையும்.
கோரிக்கைத் தொடக்கம்: ஒவ்வொரு கோரிக்கையின்போதும்.

உதாரணமாக, காலையில் பிரயோகம் தொடங்கிய பின்னர் 50 மாணவர்கள் வருகின்றனர் எனவும், ஒவ்வொருவரும் 6 கோரிக்கைகளை அனுப்புகின்றனர் எனவும் கொள்வோம். இடையில் பிரயோகம் நிற்கவில்லை.

பிரயோகத் தொடக்கம் = 1 தடவை
அமர்வுத் தொடக்கம் = 50 தடவை
கோரிக்கைத் தொடக்கம் = 50 × 6 = 300 தடவை

மாவட்டப் பட்டியலை ஏற்றும் கட்டளையைத் தவறுதலாகக் கோரிக்கைத் தொடக்கத்தில் எழுதினால், ஒரு தடவை செய்யவேண்டிய வேலை 300 தடவை செய்யப்படும். விடை சரியாகவே வரும். ஆனால் பிரயோகம் மெதுவாக இயங்கும்.

6. உறக்கமும் மீள்தொடக்கமும்

தொடங்கிய பிரயோகம் என்றென்றும் இயங்கிக்கொண்டிராது. மைக்ரோசொப்டின் வலைச் சேவையக மென்பொருளான ஐ.ஐ.எஸ்., வலைப் பிரயோகத்தின் முறைவழியைப் பின்வரும் சந்தர்ப்பங்களில் முடித்துவிடுகின்றது.

(i) தொடர்ந்து 20 நிமிடங்களுக்குக் கோரிக்கை எதுவும் வராவிடின், நினைவகத்தை மீதப்படுத்துவதற்காக முறைவழி நிறுத்தப்படும்.

(ii) 1740 நிமிடங்கள், அதாவது 29 மணித்தியாலங்கள் கடந்ததும், பழைய முறைவழிக்குப் பதிலாகப் புதியது தொடக்கப்படும்.

(iii) அமைவடிவக் கோப்பு மாற்றப்பட்டால் பிரயோகம் மீண்டும் தொடங்கும்.

முதலிரண்டிலும் தரப்பட்டவை இயல்பாக அமைக்கப்பட்டுள்ள பெறுமானங்கள். சேவையகத்தை நிருவகிப்பவர் அவற்றை மாற்றலாம்.

29 மணித்தியாலம் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் 24 மணித்தியாலம் ஆகையால், மீள்தொடக்க நேரம் நாள்தோறும் 5 மணித்தியாலம் பின்தள்ளப்படும். திங்கட்கிழமை காலை 8.00 மணிக்குத் தொடங்கித் தொடர்ச்சியாகப் பயன்படுத்தப்படும் பிரயோகம், செவ்வாய் பிற்பகல் 1.00 மணிக்கும், புதன் மாலை 6.00 மணிக்கும் மீண்டும் தொடங்கும். இதனால் நாள்தோறும் ஒரே நேரத்தில் வரும் பயனர்களே திரும்பத் திரும்பப் பாதிக்கப்படுவதில்லை.

குறிப்பு: ஏ.எஸ்.பி. டொட் நெட்டில் பயனர் அமர்வின் காலாவதி நேரமும் இயல்பாக 20 நிமிடங்களே. ஆனால் அது தனி ஒரு பயனருக்குரியது. இங்கு கூறப்படுவது முழுப் பிரயோகத்துக்கும் உரியது. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதக்கூடாது.

7. ஆய்வுக்கு ஓர் உதாரணம்: வராத நினைவூட்டல்

ஒரு பாடசாலை நூலகத்துக்கு ஏ.எஸ்.பி. டொட் நெட்டில் வலைப் பிரயோகம் ஒன்று தயாரிக்கப்படுகின்றது எனக் கொள்வோம். இரவல் பெற்ற நூலைத் திருப்பித் தரவேண்டிய நாளில், காலை 6.00 மணிக்கு மாணவருக்கு மின்னஞ்சல் நினைவூட்டல் ஒன்று செல்ல வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5 ரூபா தண்டப்பணம். செய்நிரலாளர் பிரயோகத் தொடக்கத்தில் நேரங்காட்டி ஒன்றை இயக்கி, 6.00 மணியானதும் மின்னஞ்சல் அனுப்பும்படி எழுதுகின்றார்.

அவர் அதனைப் பகல் வேளையில் சோதிக்கின்றார். நேரத்தை 10.10 என மாற்றி, பக்கங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கின்றார். 10.10 இற்கு மின்னஞ்சல் சரியாகச் செல்கின்றது. பின்னர் நேரத்தை 6.00 என மாற்றிப் பிரயோகத்தைப் பாடசாலைக்குக் கொடுத்துவிடுகின்றார். அதன்பின் ஒரு நினைவூட்டலும் எவருக்கும் செல்லவில்லை. மாணவர்கள் தண்டப்பணம் கட்டுகின்றனர். அவர்கள் செய்நிரலைக் குறைகூறவும் முடியாது. ஏனெனில், திரையில் வழுச் செய்தி எதுவும் தோன்றவில்லை.

காரணத்தைப் படிப்படியாக ஆராய்வோம்.

காலை 7.30: முதல் மாணவர் நூல் தேடுகின்றார். பிரயோகம் தொடங்குகின்றது. நேரங்காட்டி இயங்குகின்றது. அடுத்த வேலை நாளைக் காலை 6.00 மணிக்கு.
பிற்பகல் 1.45: கடைசி மாணவரின் கடைசிக் கோரிக்கை.
பிற்பகல் 2.05: 20 நிமிடங்கள் கடந்துவிட்டன. முறைவழி நிறுத்தப்படுகின்றது. அதனுள் இருந்த நேரங்காட்டியும் அழிகின்றது.
மறுநாள் காலை 6.00: முறைவழி இல்லை. நேரங்காட்டி இல்லை. மின்னஞ்சல் இல்லை.
மறுநாள் காலை 7.30: பிரயோகம் மீண்டும் தொடங்குகின்றது. ஆனால் 6.00 மணி கடந்துவிட்டது.

காலை 5.40 இற்கும் 6.00 இற்கும் இடையில் எவராவது ஒருவர் நூலகப் பக்கத்தைத் திறந்திருந்தால் மட்டுமே நினைவூட்டல் சென்றிருக்கும். இங்கு தொடரியல் வழு இல்லை. இயக்கநேர வழுவும் இல்லை. இருப்பது தர்க்க வழு ஆகும். "பிரயோகம் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும்" என்னும் எடுகோளே தவறானது. சோதனையின்போது செய்நிரலாளரே பயனராக இருந்தமையால் பிரயோகம் உறங்கவில்லை. ஆகவே வழுவும் வெளிப்படவில்லை.

8. தீர்வுகள்

தீர்வு 1: தவறிய வேலையைத் தொடக்கத்தில் செய்தல்

கடைசியாக நினைவூட்டல் அனுப்பிய திகதியை மாறியில் வைக்காது தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். பிரயோகம் தொடங்கும்போது அத்திகதி இன்றைய திகதியா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனின், நேரம் 6.00 மணியைக் கடந்திருந்தால் உடனே அனுப்ப வேண்டும். இதன்படி 7.30 மணிக்கேனும் நினைவூட்டல் சென்றுவிடும். ஆயினும் விடுமுறை நாளில் எவரும் வராவிடின் இத்தீர்வு பயன்தராது.

தீர்வு 2: பிரயோகத்தை எப்போதும் விழித்திருக்கச் செய்தல்

2009 இல் வெளியான விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 உடன் வந்த ஐ.ஐ.எஸ். 7.5 இல், முதற் பயனருக்குக் காத்திராது முறைவழியைத் தொடக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டது. 2012 இல் வந்த ஐ.ஐ.எஸ். 8 இல், பிரயோகத்தை முன்கூட்டி ஏற்றும் வசதி மேலும் எளிதாக்கப்பட்டது. இவ்வமைப்புகளை இயக்குவதோடு, 20 நிமிடக் கட்டுப்பாட்டை 0 என மாற்றினால் பிரயோகம் உறங்காது. இவ்வமைப்பினால் நினைவகம் எந்நேரமும் பயன்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் என்பது இதன் குறைபாடு. ஒரே சேவையகத்தைப் பல நிறுவனங்கள் பகிரும்போது இந்த அனுமதி கிடைப்பதும் அரிது.

தீர்வு 3: வேலையை வலைப் பிரயோகத்திலிருந்து பிரித்தல்

பணிசெயல் முறைமையிலேயே நேர அட்டவணைப்படி செய்நிரல்களை இயக்கும் வசதி உண்டு. விண்டோஸில் அது டாஸ்க் ஷெடியூலர் எனவும், யுனிக்ஸ், லினக்ஸ் முறைமைகளில் குறொன் எனவும் அழைக்கப்படும். நினைவூட்டல் அனுப்பும் பகுதியைத் தனிச் செய்நிரலாக எழுதி, நாள்தோறும் 6.00 மணிக்கு இயக்கும்படி அதனிடம் ஒப்படைக்கலாம். சேவையகக் கணினி இயங்கும்வரை இவ்வேலையும் நடைபெறும். பயனர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, இதனைப் பாதிக்காது.

மூன்றனுள் இப்பிரச்சினைக்கு மிகப் பொருத்தமானது தீர்வு 3 ஆகும். நேரத்தைச் சார்ந்த வேலைக்கு நேரத்தைக் கவனிக்கும் முறைமையே உரியது. தொடக்கச் செய்நிரற் பகுதி, தொடக்கத்தைச் சார்ந்த வேலைகளுக்கே உரியது.

9. இருமுறை இயங்கினால்?

தொடக்கப் பகுதி "ஒரு தடவை" இயங்கும் என்று கூறினோம். சரியாகக் கூறின், ஒரு முறைவழிக்கு ஒரு தடவை இயங்கும். ஐ.ஐ.எஸ். மீள்தொடக்கம் செய்யும்போது, பயனர் தடைப்படாதிருக்க, புதிய முறைவழி தொடங்கியபின்னரே பழையது முடிக்கப்படும். அவ்விடைப்பட்ட நேரத்தில் இரண்டு முறைவழிகள் உயிருடன் இருக்கும். பெரிய வலைத்தளங்களிலோ ஒரே பிரயோகம் பல சேவையகங்களில் ஒரே வேளையில் இயங்கும். நான்கு சேவையகங்கள் இருந்தால் தொடக்கப் பகுதியும் நான்கு தடவை இயங்கும். ஒவ்வொன்றும் நினைவூட்டல் அனுப்பினால், ஒரு மாணவருக்கு ஒரே மின்னஞ்சல் நான்கு பிரதிகளாகச் சென்றுவிடும்.

இதனைத் தடுக்கத் தரவுத்தள அறிவு உதவும். "அனுப்பியவை" என்னும் அட்டவணையில் இரவல் இலக்கம், திகதி ஆகிய இரு புலங்களையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்குக. மின்னஞ்சலை அனுப்புமுன் அவ்விரண்டையும் கொண்ட பதிவொன்றைச் சேர்க்க முயல்க. முதன்மைச் சாவியின் பெறுமானம் இருமுறை வர முடியாது. ஆகவே முதலில் வந்த முறைவழியின் பதிவு மட்டுமே ஏற்கப்படும். மற்றவற்றின் பதிவுகள் நிராகரிக்கப்படும். பதிவு ஏற்கப்பட்ட முறைவழி மட்டும் மின்னஞ்சலை அனுப்பும்.

விதி: தொடக்கச் செய்நிரற் பகுதியை எத்தனை தடவை இயக்கினாலும், ஒரு தடவை இயக்கியதற்குரிய விளைவே வருமாறு எழுதுதல் வேண்டும்.

10. தொடக்கத்தில் வழு நேர்ந்தால்?

சாதாரண பக்கம் ஒன்றில் வழு இருப்பின் அப்பக்கம் மட்டுமே பாதிக்கப்படும். தொடக்கப் பகுதியில் வழு நேர்ந்தாலோ முழுப் பிரயோகமும் பாதிக்கப்படும். ரொம்கற் சேவையகத்தில் தொடக்கக் கேட்பான் வழுவுடன் முடிந்தால் பிரயோகம் தொடங்காது. பயனருக்கு 404 என்னும் "காணப்படவில்லை" செய்தியே கிடைக்கும். எனவே பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

(i) இன்றியமையாதவற்றையும் மற்றவற்றையும் பிரித்தறிக. தரவுத்தளம் இல்லாமல் நூலகப் பிரயோகம் இயங்க முடியாது. ஆகவே அங்கு நிறுத்துவதே முறை. ஆனால் முகப்பில் காட்டும் "இன்றைய பொன்மொழி" கிடைக்கவில்லை என்பதற்காக முழுப் பிரயோகத்தையும் நிறுத்தக்கூடாது. வழுவைப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுத் தொடர வேண்டும்.

(ii) நீண்ட வேலைகளைத் தவிர்க்க. தொடக்கப் பகுதி முடியும்வரை பயனர்கள் காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் எடுக்கும் வேலையைப் பின்னணியில் செய்ய வேண்டும்.

(iii) முடிவுப் பகுதியை நம்பியிராதீர்கள். பிரயோகம் முடியும்போது இயங்கும் துணைச் செய்நிரலும் உண்டு. ஆனால் மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் அது இயங்காது. முக்கிய தரவுகளை "முடியும்போது சேமிப்போம்" என விட்டுவைப்பது ஆபத்தானது. மாற்றம் நேர்ந்தவுடனேயே சேமித்தல் வேண்டும்.

11. பாதுகாப்பு

தானாக இயங்கும் எதுவும் வசதியானது. அதே காரணத்தினால் ஆபத்தானதும் ஆகும். 2008 நவம்பரில் கண்டறியப்பட்ட கொன்பிக்கர் என்னும் தீநிரலின் பிந்திய வடிவங்கள், யூ.எஸ்.பி. நினைவகத்தைக் கணினியிற் செருகியதும் அதிலுள்ள செய்நிரலைத் தானாக இயக்கும் விண்டோஸின் "ஓட்டோரன்" வசதியையும் பயன்படுத்திப் பரவின. 2011 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் எக்ஸ்.பி., விஸ்டா ஆகிய பதிப்புகளில் யூ.எஸ்.பி. நினைவகங்களுக்கு அவ்வசதியை நிறுத்தும் இற்றைப்படுத்தலை வழங்கியது.

வலைப் பிரயோகத்தின் தொடக்கப் பகுதிக்கும் இது பொருந்தும். பயனர் எவரும் கடவுச்சொல் கொடுப்பதற்கு முன்னரே அது இயங்குகின்றது. பிரயோகத்துக்குரிய அனுமதிகள் அனைத்தும் அதற்கு உண்டு. ஆகவே அக்கோப்பை மாற்றும் உரிமை சிலருக்கு மட்டுமே வழங்கப்படல் வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல்லைச் செய்நிரலினுள் நேரடியாக எழுதுவதையும் தவிர்க்க வேண்டும்.

12. சுருக்கம்

• வலைப் பிரயோகம் தொடங்குதல் என்பது அதற்கான முறைவழி நினைவகத்தில் உருவாதல் ஆகும்.
• தொடக்கப் பகுதி ஒரு முறைவழிக்கு ஒரு தடவை இயங்கும்.
• அது கோரிக்கைதோறும், முதற் கோரிக்கையில், அல்லது சேவையகத்துடன் என மூன்று வகையாக நிகழலாம்.
• உறங்கும் பிரயோகத்தினுள் உள்ள நேரங்காட்டி இயங்காது.
• முக்கிய தகவல்கள் மாறியில் அன்றித் தரவுத்தளத்தில் இருத்தல் வேண்டும்.
• தொடக்கப் பகுதி குறுகியதாகவும், மீண்டும் இயங்கினாலும் தீங்கு விளைவிக்காததாகவும் இருத்தல் வேண்டும்.

13. பயிற்சி வினாக்கள்

1. பிரயோகம் தொடங்கிய பின்னர் 40 பயனர்கள் வந்து, ஒவ்வொருவரும் 5 கோரிக்கைகள் அனுப்பினர். இடையில் பிரயோகம் நிற்கவில்லை. பிரயோகத் தொடக்கப் பகுதி எத்தனை தடவை இயங்கும்?
(1) 1 (2) 5 (3) 40 (4) 200

2. முதலாவது கோரிக்கை வருவதற்கு முன்னரே ஆயத்தங்கள் முடிந்திருப்பது பின்வருவனவற்றுள் எதில்?
(1) சி.ஜி.ஐ. (2) ஜாவா செர்வ்லெட் கேட்பான் (3) அமர்வுத் தொடக்கம் (4) கோரிக்கைத் தொடக்கம்

3. பிரயோகம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கிய பின்னரும் அழியாதிருப்பது எது?
(1) மாறியின் பெறுமானம் (2) நேரங்காட்டி (3) தரவுத்தளப் பதிவு (4) அணியில் உள்ள பட்டியல்

4. பிரயோகம் ஒன்று புதன்கிழமை காலை 9.00 மணிக்குத் தொடங்கியது. அது தொடர்ச்சியாகப் பயன்படுத்தப்பட்டால், 29 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்னும் ஒழுங்கின்படி அடுத்த இரு மீள்தொடக்கங்களும் எப்போது நிகழும்?

5. வராத நினைவூட்டல் என்னும் உதாரணத்தில் ஏற்பட்டது எவ்வகை வழு? உமது விடைக்குக் காரணம் தருக.

6. ஒரே மின்னஞ்சல் இருமுறை செல்வதை முதன்மைச் சாவி எவ்வாறு தடுக்கின்றது என விளக்குக.

விடைகள்

1. (1). ஏனையவை அமர்வுக்கும் கோரிக்கைக்கும் உரிய எண்ணிக்கைகள்.

2. (2).

3. (3). ஏனைய மூன்றும் முறைவழியின் நினைவகத்தில் உள்ளவை.

4. வியாழக்கிழமை பிற்பகல் 2.00 மணி, வெள்ளிக்கிழமை மாலை 7.00 மணி.

5. தர்க்க வழு. செய்நிரலின் தொடரியல் சரியானது. இயங்கும்போதும் அது தடைப்படவில்லை. ஆனால் எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை.

6. இரவல் இலக்கமும் திகதியும் சேர்ந்த பெறுமானம் அட்டவணையில் ஒரு தடவை மட்டுமே இருக்கலாம். இரண்டாவது முறைவழி அதே பெறுமானத்தைச் சேர்க்க முயலும்போது தரவுத்தளம் நிராகரிக்கும். பதிவு ஏற்கப்படாத முறைவழி மின்னஞ்சல் அனுப்பாது.

பரீட்சைக் குறிப்பு: "எப்போது இயங்கும்?" என வினவப்படின், "பிரயோகம் தொடங்கும்போது" என்று மட்டும் எழுதுவது போதுமானதன்று. பிரயோகத்தின் தொடக்கம் சேவையகம் தொடங்கும்போதா, முதற் கோரிக்கையின்போதா என்பதையும், எத்தனை தடவை நிகழும் என்பதையும் சேர்த்து எழுதுக.